மூன்றாம் நம்பர் லயத்துச் சுவர்

கவ்வாத்து மலையிலிருந்து மரியநாயகம் இறங்கி வந்தபோது மழை கொஞ்சம் விட்டிருந்தது. தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை உதறி லயத்து வரிசையில் தன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணைக் கொடியில் போட்டான். கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துக் கூரைச் சந்தில் செருகினான். விடியற்காலையில் தின்ற ஒற்றை ரொட்டி எப்போதோ கரைந்து போயிருந்தது. நாள் முழுக்கத் தேயிலைத் தூரில் குனிந்து வெட்டிய இடுப்பு, நிமிர மாட்டேன் என்றது.

கதவுக்குப் பக்கத்தில் கொழுந்துக் கூடை ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் பித்தளைத் தட்டு. தட்டில் பேரிக்காய்கள், இரண்டாகப் பிளந்து வைத்த மரத்தக்காளி, பக்கத்தில் செம்பு நிறைய டேலியாப் பூ. பங்களாத் தோட்டக்காரன் மூக்கன் துரைக்குத் தெரியாமல் மடியில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தவை. மரியநாயகம் ஒரு பேரிக்காயை எடுக்கக் கை நீட்டினான்.

"தொடாதீங்க!"

உள்ளேயிருந்து அந்தோனியம்மா ஓடி வந்தாள். கையில் தூரிகை. மூக்கு நுனியில் மஞ்சள்.

"பசிக்குது புள்ள."

"ரொட்டி சுட்டு வச்சிருக்கேன். மாசிச் சம்பல் இருக்கு. பேரிக்கா நாளைக்குத்தான்."

"நேத்தும் நாளைக்குன்னுதானே சொன்ன?"

"நேத்து வெளிச்சம் எங்க இருந்துச்சு? மூட்டம் எறங்கி எதுத்த லயமே தெரியல. இங்க பாருங்க, காம்புகிட்ட. பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல. அது இன்னும் எனக்குக் கைக்கு வரல."

"அது அழுகிப் போறதுக்குள்ள வந்துருமா?"

"அழுகுனா அழுகுன நெறத்தப் போடுறேன். போங்க, கையக் கழுவிட்டு வாங்க."

சுவரோரம் குந்தியிருந்த மகள் ரோசம்மா சிரித்தாள். "எனக்கும் அப்பிடித்தாம்பா. அந்தச் செவப்புப் பழத்த மோந்து பாத்ததுக்கே அடி விழுந்துச்சு."

மரியநாயகம் ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றபடி சுவரைப் பார்த்தான். இஸ்தோப்பில், கதவுக்கும் சன்னலுக்கும் நடுவே ஒரு பாய் அகலம். அடுப்புப் புகை ஏறிக் கறுத்துக் கிடந்த இடம் அது. இப்போது அங்கே கூடையும் தட்டும் செம்பும் இருந்தன. செம்பின் வயிற்றில் வாசல் வெளிச்சம் ஒரு கோடாக நின்றது. பிளந்த மரத்தக்காளியின் கறுத்த விதைகளைச் சுற்றி ஈரம் மின்னியது. டேலியாவின் இதழ்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, உள்ளே போகப் போகக் கருஞ்சிவப்பாக அடங்கின. தட்டில் இருந்த பழத்தையும் சுவரில் இருந்த பழத்தையும் மாறி மாறிப் பார்த்தவனுக்கு, சுவரில் இருப்பதைத்தான் முதலில் கடிக்கத் தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை. இன்னொரு ரொட்டி கேட்டான்.

அந்தோனியம்மா இந்த மலைக்குக் கல்யாணம் முடித்து வந்தவள். நாற்பத்தேழில் மரியநாயகம் பெண் கட்டப் போனது மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவளுடைய அப்பன் மாதா கோயில் சப்பரங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர். புனிதர்களின் முகத்தை அவரும் அண்ணன்மாரும் எழுதுவார்கள். சுற்றிவர ஓரத்தில் வரும் திராட்சைக் கொத்து, மாதுளம்பழம், லீலிப்பூ இதெல்லாம் சிறு பெண்ணான அந்தோனியம்மாவின் பங்கு. சாமி முகத்தைப் பெண்பிள்ளை தொடக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் குளிரக் குளிர நானுஓயாவுக்கு வந்தபோது அவளுடைய தகரப்பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு பொட்டலம் வர்ணத் தூளும் இருந்தன. சேலை கிழிந்தது. தூள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. கொழுந்துக்குப் போனாள், பிள்ளை பெற்றாள், மறுபடி கொழுந்துக்குப் போனாள்.

பிறகு, இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு அவர்கள் போட்ட மனு திரும்பி வந்தது. மரியநாயகம் பிறந்தது இதே தோட்டம். அவன் அப்பன் புதைந்திருப்பதும் இதே தோட்டம். ஆனால் நாற்பத்தேழில் கல்யாணத்துக்கென்று இந்தியாவுக்குப் போய் நாலைந்து மாதம் தங்கிவிட்டான். தொடர்ந்து இங்கே வசித்ததாக ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியது: 'பொண்ணு கட்டப் போயி நாட்டை விட்டுட்டு வந்துட்டான்.' அது அந்தோனியம்மாவின் காதிலும் விழுந்தது.

"என்னாலதானே?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒரு நட்டமும் இல்ல" என்றான் மரியநாயகம். அவன் மனதாரச் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நுவரெலியாக் கடைத்தெருவில் அவள் காவியும் செந்தூரமும் துணிக்குப் போடும் நீலமும் வேலம்பிசினும் வாங்கினாள். ஆட்டுக் காதோரத்து முடியை மானாப்புல் தண்டில் கட்டித் தூரிகை செய்தாள். தேயிலைத் தூசியைக் கொதிக்க வைத்து வற்றக் காய்ச்சினால் நல்ல பழுப்பு வரும் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள்.

"என்னா செய்யப் போற?" என்று மரியநாயகம் கேட்டான்.

"போகச் சொன்னாப் போவோம். இருக்கிற வரைக்கும் இது ஒரு வீடு மாதிரி இருக்கணும்ல."

முதலில் அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால், "என்னாப்பா, ஒம் பொஞ்சாதி சொவத்துல சமைக்கிறாளாமே" என்று கேலி. பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயிதான் முதலில் கிட்டே வந்து நின்று நிதானமாகப் பார்த்தாள். அவளுக்கும் சப்பரம், தேர் எல்லாம் தெரியும்.

"ஓரமெல்லாம் நல்லாப் போட்டுட்ட. நடுவுல சாமி எப்ப வரும் அந்தோனி?"

"இதான்க்கா நடுவு."

"பேரிக்காயா?"

"ஆமாக்கா."

ராக்காயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அதுக்கென்ன, பேரிக்காயும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். போகும்போது சுவரில் இருந்த மரத்தக்காளியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு கேலி குறைந்தது. வேலை விட்டு வருகிறவர்கள், கூடையை இறக்குகிற சாக்கில் அந்தச் சுவரின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்க ஆரம்பித்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் மழை அடங்கியது. ஒரு நாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா அறிவித்தார். கம்பனியிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை தோட்டம் பார்க்க வரும் பெரிய துரை வருகிறார். லயங்களுக்கெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றுவதில் மரியநாயகத்துக்குக் கைப்பக்குவம் உண்டு என்பது தோட்டம் அறிந்தது. கவ்வாத்தை நிறுத்தி அவனையும் இன்னும் மூன்று பேரையும் வெள்ளையடிப்புக்குப் போட்டார்கள்.

தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கு லயங்களை முடித்துக்கொண்டு வரிசையாகக் கீழே இறங்கினார்கள். கரைத்து வைத்த சுண்ணாம்பில் சிட்டிகை நீலம் போட்டு, தும்புக் கட்டையால் மேலிருந்து கீழாக இழுத்தால் சுவர் பளிச்சென்று எழும். செய்கிற வேலையை ரசித்துச் செய்கிறவன்தான் மரியநாயகம். ஆனால் மூன்றாம் நம்பர் லயம் கிட்டே வர வர அவன் கை தாமதித்தது. ராக்காயி வீட்டுச் சுவரை முடித்தான். தன் கதவுக்கு முன்னால் வாளியை வைத்தான். அப்படியே நின்றான். கூட வந்தவர்கள் அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டார்கள்.

கண்டாக்கு ஐயா குடையை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தார்.

"என்ன மரியநாயகம், சுண்ணாம்பு முடிஞ்சிருச்சா?"

"இல்லீங்க ஐயா. இந்தச் சொவரு ஒண்ண மட்டும் விட்டுறலாமுங்களா? சுத்தமாத்தான் இருக்குதுங்க."

"சுத்தமா இருக்கான்னு நான் கேக்கல்ல. லயம் வெள்ளையா இருக்கணும். சொவரு யாருது?"

"தோட்டத்துதுங்க."

"கூரை?"

"தோட்டத்துதுங்க."

"நீ நிக்கிற எடம்?"

மரியநாயகம் காலடித் தரையைப் பார்த்தான்.

"அப்ப இதுல பூவும் காயும் போட ஆரு உத்தரவு குடுத்தது? ஒனக்கு ஒரு லயம் எழுதி வச்சிருக்கா? நாடே இன்னும் எழுதி வைக்கல்ல." ஐயா குடை நுனியால் வாளியைத் தட்டினார். "நாளைக்குக் காலம்பற பெரட்டுக்கு முன்னால நான் வருவேன். வெள்ளையா இல்லாட்டி, பத்துச்சீட்டு வாங்கிக்க."

பத்துச்சீட்டு என்றால் வேலை நின்றது என்று எழுதிக் கொடுக்கும் துண்டு. மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டு இன்னொரு தோட்டத்துப் படியேறலாம். பிரஜாவுரிமை இல்லாதவனை எந்தத் தோட்டமும் லேசில் சேர்க்காது. வேலையும் இல்லை, காகிதமும் இல்லை என்றால் அடுத்து வருவது போலீஸ். அதற்கடுத்தது இந்தியாவுக்குக் கப்பல்.

மாலையில் அவன் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் சிவசாமியின் காம்பராவுக்குப் போனான். அதே லயத்தின் கோடி வீடு. சிவசாமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கேட்டுக்கொண்டு, தாடையைச் சொறிந்தார்.

"அரிசி கொறைஞ்சாப் பேசுறேன். முழுநாள் வேல வாங்கிட்டு அரைநாள் கூலி போட்டாப் பேசுறேன். பூவுக்கு எப்பிடிப்பா பேசுறது? ஹட்டன்ல சங்க ஆபீசுக்குப் போயி, ஐயா, ஒரு பேரிக்காய அழிக்கச் சொல்றாங்கன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்க தலைவரே."

"கோவிச்சுக்காத. நல்ல படந்தான். எனக்கும் மனசு கேக்கல. ஆனாலும் அது ஒரு குடும்பத்துப் படம். சங்கம் அதுக்கு என்னா செய்யும்?"

திரும்பி வரும்போதே மரியநாயகம் முடிவு செய்துவிட்டான். அந்தோனியம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் உட்காராமலே சொன்னான்.

"நான் அடிக்க மாட்டேன். சீட்டுக் குடுத்தாக் குடுக்கட்டும்."

"பெறகு?"

"பெறகு பாத்துக்கலாம்."

"என்னாத்தப் பாப்பீங்க? ரோசம்மா பள்ளிக்கூடத்துக்குப் போறத யாரு பாக்குறது?" அவள் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "நானே அடிக்கிறேன்."

"நீயா?"

"நான் போட்டது. வேற ஆளு அதுமேல சுண்ணாம்பத் தெறிக்கிறத நின்னு பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது."

"ஒனக்குக் கிறுக்கா புள்ள? ரெண்டு மாசம் கண்ணு வலிக்கப் போட்டத ஒங் கையாலேயே அழிக்கிறதா? நான் ஒரு ஆம்பள எதுக்கு இருக்கேன்?"

"சண்ட புடிக்கத்தான் ஆம்பளையா?" அவள் குரல் உயரவில்லை. "கேளுங்க. இந்தப் படத்துக்காக நீங்க வேலய விட்டுட்டா, நாளைக்கு எங்கியோ ஒரு ஸ்டேசன்ல மூட்டையோட, பசிச்ச புள்ளையோட நிக்கணும். அப்ப இந்தப் படத்த நெனச்சா எனக்கே வெறுப்பு வரும். அது எனக்கு வேணாம். நான் அழிக்கிறேன்னு சொல்லல. மூடுறேன்னுதான் சொல்றேன்."

அவன் இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தான். சாப்பிடக் கூப்பிட்டபோதும் எழுந்திருக்கவில்லை. தன்னைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் தன் கையை வெட்டிக்கொள்வது போல அது இருந்தது அவனுக்கு. அதைவிட, உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் தனக்கு நிம்மதியாகவும் இருக்கிறதே என்பதுதான் அவனைக் குத்தியது.

காலையில் மூட்டம் விலகாத நேரத்திலேயே லயம் முழுதும் இஸ்தோப்புக்கு வந்துவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கூடையும் கயிறுமாகப் பெரட்டுக்குக் கிளம்பியவர்கள் அப்படியே நின்றார்கள். கண்டாக்கு ஐயா வந்தார். அந்தோனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரியநாயகத்தின் கையிலிருந்த தும்புக் கட்டையை வாங்கினாள்.

"ஐயா, ஒருக்கா நல்லாப் பாத்துருங்க" என்றாள்.

"என்னத்தப் பாக்க?"

"நீங்க மூடச் சொன்னது எதன்னு தெரிஞ்சுக்கணும்ல."

ஐயா பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியாத இடத்தில் அவரை நிறுத்தியிருந்தாள். கொஞ்ச நேரம் அவர் கண் அந்தச் செம்பின் மேல் நின்றது. பிறகு, "ம், சட்டுன்னு ஆகட்டும்" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சட்டென்று ஆகவில்லை. அவள் அவசரப்படவில்லை. பூவிலிருந்து தொடங்கினாள். டேலியாவின் சிவப்பு, சுண்ணாம்பை மீறி ரோஜா நிறத்தில் மேலே வந்தது. காயட்டும் என்று நின்றாள். மறுபடி அடித்தாள். கோடு விழாமல், திட்டு இல்லாமல், வெள்ளையடிப்புக்கென்றே பிறந்த கை மாதிரி இழுத்தாள். மரியநாயகம் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ராக்காயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் சுவர் அந்த லயத்திலேயே மிக வெள்ளையான சுவராக இருந்தது. அந்தோனியம்மா கையைக் கழுவி, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி, எல்லோருக்கும் முன்னால் பெரட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பெரிய துரை வந்தார். லயங்களுக்கு முன்னால் உள்ள பாதையில் வேகமாக நடந்து போனார். சாக்கடைக் கானில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். எந்த இஸ்தோப்பிலும் ஏறவில்லை. ஒரு சுவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பங்களாவுக்குப் போய்விட்டார்.

இதுதான் ராக்காயியைக் கிளப்பிவிட்டது. அன்று மாலையே அவள் மரத்தக்காளிகளையும் ஒரு கைப்பிடி சாமந்தியையும் முறத்தில் கொண்டுவந்து அந்தோனியம்மாவின் முன்னால் வைத்தாள்.

"எந்திரி. எங்க வீட்டுச் சொவத்துல போடு."

"அக்கா, நேத்துத்தானே..."

"நேத்து நேத்தோட போச்சு. அந்த மனுசன் பாக்கக்கூட இல்ல! பாக்காத ஒரு மனுசனுக்காகவா நீ சுண்ணாம்பத் தூக்குன? போடு. என் சொவருல போடு. எனக்குப் பிரஜாவுரிம இருக்கு, சீட்டுக் குடுத்தா நான் பாத்துக்கிறேன்."

"கண்டாக்கு ஐயா வந்தா?"

"வரட்டும். ஒரு சொவருன்னா மூடச் சொல்லுவாரு. லயம் பூராவும்னா எத்தன வாளி கொண்டு வருவாரு?"

அந்தோனியம்மா முறத்திலிருந்த பழங்களை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை நீக்கினாள். சாமந்தியைப் பிரித்துச் சாய்த்து வைத்தாள். அவள் முகத்தில் வந்த மாற்றத்தை மரியநாயகம் வாசலிலிருந்து பார்த்தான். சுண்ணாம்புப் பானையைத் திறந்து, "படத்துக்கு அடிப்பூச்சுப் பூசிக் குடுக்கிறேன். எவ்வளவு அகலம் வேணும்?" என்று கேட்டான்.

அப்படித் தொடங்கி அடுத்த மழைக்காலம் வரைக்கும் அந்த வேலை நடந்தது. பெரிய துரை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கண்டாக்கு ஐயா கண்டுகொள்ளாமல் விட்டார். பொழுது சாய்கிறதற்குள் கிடைக்கும் வெளிச்சமும் ஞாயிற்றுக்கிழமைகளும்தான் அவளுக்கு. லயத்தின் மற்றப் பத்து வீடுகளும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டன. புதிதாகக் கல்யாணமான அழகுமுத்து தேயிலைப் பூ வேண்டும் என்றான். "நம்மதான் அதப் பூக்கவே விடாமக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறோமே அக்கா. சொவத்துலயாவது பூக்கட்டும்." விதைக்கென்று வெட்டாமல் விட்டிருந்த மரங்களிலிருந்து அவனே கிளை ஒடித்து வந்தான். சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம். சிவசாமி தலைவருடைய சம்சாரம் பொல்பிட்டியப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய் அன்னாசி கொண்டுவந்தாள். தலைவர், "வீட்டுக்காரி சொன்னா நான் என்னா செய்றது" என்று சொல்லிக்கொண்டு, அன்னாசியின் கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்தால் நன்றாயிருக்கும் என்று மூன்று தடவை யோசனை சொன்னார்.

காளியாயி பலாப்பழம் கேட்டாள். அவள் தனிக்கட்டை. காலில் வீக்கம், வேலையாட்கள் பேர் பதிவிலிருந்து எடுபட்டவள். இந்தக் குளிருக்குப் பலா காய்க்காது.

"பாத்தே எத்தன வருசமாச்சு! சும்மா மனசுல நெனச்சுப் போட்டுரு தாயி" என்றாள்.

"பாக்காம நான் போட மாட்டேன்" என்றாள் அந்தோனியம்மா.

ஆகவே மரியநாயகம் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வட்டவளைக்குப் போனான். அங்கே ஒரு சிங்கள விவசாயியிடம் அரைகுறைச் சிங்களத்தில் பேசி நல்ல பழமாக வாங்கி, தோளில் சுமந்து திரும்பினான். ரயில் பெட்டியில் இருந்தவர்களெல்லாம் வாசனைக்குத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கல்யாண வீட்டுக்கா?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"இல்லீங்க. வரையிறதுக்கு."

"என்னாது?"

"எங்க வீட்ல படம் வரைவாங்க. பழத்தப் பாத்துத்தான் வரைவாங்க." இதைச் சொல்லும்போது அவனையறியாமல் மரியாதைப் பன்மை வந்து விழுந்தது.

பழத்தை ஒரு பக்கம் பிளந்து வைத்து அவள் வரைந்து முடிக்கும்வரை லயத்துப் பிள்ளைகள் பட்டபாடு கொஞ்சமல்ல. சுளையின் மஞ்சளும் முள்ளின் பச்சையும் சரியாக வந்தது என்று அவள் தூரிகையைக் கீழே வைத்ததும் காளியாயிக்கு முதல் சுளை போனது. அவள் அதை வாயில் போட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

மறு வருஷமும் பெரிய துரை வரப்போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. அன்று பெரட்டுக் களத்தில் நல்ல வெயில். ஒரு வாரம் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில் மலையெல்லாம் கொழுந்து திமிறிக்கொண்டு நின்றது.

"வெள்ளையடிப்புக்கு மரியநாயகம்" என்றார் கண்டாக்கு ஐயா. "மூணாம் நம்பர் லயத்தில இருந்து தொடங்கு. அங்கதான் கூத்துக் கூடிப் போச்சு."

மரியநாயகம் முன்னால் வந்தான். ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த பேச்சு. சொல் தடுக்கவில்லை.

"மத்த லயமெல்லாம் அடிக்கிறேங்க ஐயா. பளிங்கு மாதிரி அடிக்கிறேன். மூணாம் நம்பர அடிக்க மாட்டேன்."

"சீட்டு வேணுமா ஒனக்கு?"

"குடுங்க. போன வருசம் என் பொஞ்சாதி எனக்காக அடிச்சுது. அந்த வாளியப் புடிச்சுக்கிட்டு நின்ன கை இது. இன்னொரு தடவ புடிக்காது."

ஐயா அழகுமுத்துவைப் பார்த்தார். "அப்ப நீ அடி."

"எனக்கும் ஆகாதுங்க. என் சொவத்துலயும் இருக்கு."

அடுத்தவன் கேட்கும் முன்பே தலையை ஆட்டினான். சிவசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசையை விட்டு வந்தார்.

"ஐயா, போன வருசம் அது ஒரு குடும்பத்துப் படம்னு நான் வாயத் தொறக்கல. அது என் தப்பு. இப்ப அது லயத்துப் படம். சீட்டுக் குடுக்கிறதா இருந்தா லயத்துக்கே எழுதுங்க. நாங்க மலைக்குப் போகாம இங்கியே உக்காந்து வாங்கிக்கிறோம்."

பெண்கள் தலைக்கயிற்றைக் கழற்றினார்கள். கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார்ந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டோ என்னவோ, மோட்டார் சைக்கிளில் மேலே போய்க்கொண்டிருந்த தோட்டத்துத் துரை திரும்பி வந்தார். வெள்ளைக்காரர். தோட்டத் தமிழ் அவருக்கு வரும்.

"என்ன இது? கொழுந்து மலையில நிக்குது, ஆள் கீழ நிக்குது?"

கண்டாக்கு ஐயா ஆங்கிலத்தில் சொன்னார். துரை கேட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"யார் வரைஞ்சது?"

ராக்காயி முந்திக்கொண்டாள். "நாங்க எல்லாருந்தாங்க தொரை."

"ஆமாங்க, எல்லாருந்தான்" என்றன இரண்டு மூன்று குரல்கள். அந்தோனியம்மாவை நடுவில் விட்டு மறைத்துக்கொள்ளும் நோக்கம் எல்லோருக்கும் புரிந்தது. மரியநாயகமும் ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தான். அதற்குள் கூடைகளை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

"இல்லீங்க தொரை. நான்தான் வரைஞ்சேன். பத்துச் சொவரும் நான் ஒரு ஆளு வரைஞ்சது."

"பத்தும் நீயா?"

"பத்தும் நான்தாங்க. இவங்க பழம் குடுத்தாங்க, பூ குடுத்தாங்க. கை என்னுது. பேரு அந்தோனியம்மா."

மரியநாயகம் அவள் பக்கத்தில் போய் நின்றான். பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். பயம் இல்லை. இந்தப் பெண் தன் வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பில் அவன் தோள் தானாக விரிந்தது.

துரை அவளைப் பார்த்தார், தரையில் இருந்த கூடைகளைப் பார்த்தார், பிறகு மேலே மலையைப் பார்த்தார். இன்றைக்கு எடுக்காத கொழுந்து நாளைக்கு முற்றிவிடும்.

"மத்த லயம் அடி" என்றார் கண்டாக்கு ஐயாவிடம். "அது இருக்கட்டும். ஆள் எல்லாம் மலைக்குப் போ!"

மோட்டார் சைக்கிள் புகையைக் கக்கிக்கொண்டு போனது. கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை. பிறகு காளியாயி, பெரட்டில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவள், "போங்களேண்டி, கொழுந்து முத்துதாம்ல" என்று சத்தம் போட்டாள். களம் முழுவதும் சிரிப்பு வெடித்தது. கூடைகள் தலைக்கு ஏறின. மரியநாயகம் அன்று நாலாம் நம்பர் லயத்துக்கு அடித்த வெள்ளையைப் போல அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்பு எவரும் அடித்ததில்லை.

செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் மூன்றாம் நம்பர் லயத்தைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். மரியநாயகம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அவர்களைக் கோடியிலிருந்து கோடிவரை கூட்டிப்போனான். எந்தப் பழம் யார் வீட்டுது, எந்தச் சிவப்புக்கு எத்தனை பூச்சு, பழுப்புக்குத் தேயிலைத் தூசியை எப்படி வற்றவைப்பது என்று ஒன்று விடாமல் சொன்னான். அந்தோனியம்மா உள்ளேயிருந்து, "மெதுவாப் பேசுங்க, மானம் போவுது" என்பாள். அவன் இன்னும் சத்தமாகப் பேசுவான்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பட்டிப்பொல ஸ்டேசனில் வேலை பார்க்கும் அமிர்தநாதன். கோட்டுப் போட்டவர், நிதானமாகப் பார்க்கிறவர். பத்துச் சுவரையும் பார்த்துவிட்டு, அந்தோனியம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். தன் சுவரிலேயே அவள் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தாள். பிளம்ஸ் பழங்கள், கார்னேசன் பூ, ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதித் தண்ணீர். தண்ணீருக்குள் தண்டு உடைந்து தெரிவதை அவள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிய கைம்மா ஒங்களுக்கு" என்றார் அவர். "எந்த ஊரு நீங்க?"

மரியநாயகம் மணப்பாறை என்று சொல்ல வாயெடுத்தான்.

"மூணாம் நம்பர் லயம்" என்றாள் அந்தோனியம்மா, தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது தெரியுதும்மா. சொந்த ஊரக் கேட்டேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, வெளிச்சத்த மறைக்கிறீங்க."